பல்லேகமவிலிருந்து வந்த தாள்கள்

நான் படிப்பித்த துறையில் இப்போது ‘விநோத உலோகங்கள்’ என்று ஒரு ஆய்வுக் குழுவே இருக்கிறதாம். அதில் வேலை செய்யும் இளம் விரிவுரையாளர் ஒருவர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார். ஒரு கணக்கு ஓடி முடிய கம்ப்யூட்டருக்கு இரண்டு நாள் பிடிக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். பிறகு, “மிஸ், இந்த விஷயத்த நம்ம நாட்டுல முதல்ல தொட்டவரு மாத்தளையில இருந்தாராமே, உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

தெரியும் என்றேன். அவரிடம் நான்கு வருடம் கணக்குப் போட்டவள் நான். அப்படியானால் எழுதித் தாருங்கள் என்றார். எழுத உட்கார்ந்தபோதுதான் புரிந்தது, அந்த வருடங்களில் எனக்குத் தெளிவாக நினைவிருப்பது இயற்பியல் அல்ல. ஒருவித பயம். அதையும் சேர்த்தே எழுதுகிறேன். வேண்டாதவர்கள் விட்டுவிட்டு வாசிக்கலாம்.

என் ஊர் மாத்தளை டவுன். அப்பா தோட்டத்து மருந்தகத்தில் டிஸ்பென்சர். கன்னியாஸ்திரிகளிடம் படித்து, கணிதத்தில் பட்டம் எடுத்து, கொழும்பில் ஒரு அலுவலகத்தில் ஒரு வருடம் கணக்கு மெஷின் சுற்றினேன். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பெருக்குகிற பழைய இரும்பு மெஷின். அம்மாவுக்குச் சுகமில்லாமல் போய், கால் இரண்டும் வீங்கிப் படுத்தபோது வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினேன். பலாபத்வலவுக்கு மேலே ஒரு கொக்கோத் தோட்டத்து வீட்டில் படித்த மனிதர் ஒருவர் கணக்குப் போட ஆள் தேடுகிறார் என்று எங்கள் மாதா கோயில் சுவாமி சொன்னார். அறுபதுகளின் தொடக்கம் அது.

அவர் பெயர் டாக்டர் சாலிஹீன். மாத்தளையில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்ற குடும்பத்து மகன். சீமையில் பத்து வருடம் இருந்து, உலோகங்களின் கோட்பாட்டில் பெயரெடுத்து, நுரையீரல் கெட்டுப்போனதால் திரும்பி வந்தவர். கல்யாணம் செய்யவில்லை. ஒரு சமையல்காரரும் அவரும் மட்டும்தான் அந்த வீட்டில்.

கொக்கோ மரங்களுக்கு அடியில் பகலிலும் வெளிச்சம் குறைவு. உதிர்ந்த இலைகள் அகலமானவை, மொறமொறவென்று காய்ந்து கிடக்கும். காற்றில் ஓர் இலை புரண்டாலும் யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்கும். முதல் சில வாரங்கள் நான் ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பார்த்தேன். யாரும் இருக்கமாட்டார்கள். அப்புறம் பார்ப்பதை விட்டேன். ஒருவேளை யாராவது உண்மையிலேயே வந்து நின்றிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அவரை நான் சேர் என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாள் சேர் என்னை விறாந்தையில் உட்கார வைத்து, “மிஸ், தேர் பாக்கப் போயிருக்கிறீங்களா?” என்று கேட்டார்.

“போயிருக்கேன் சேர்.”

“அந்தச் சனத்துக்குள்ள ஒருத்தர் ரோட்ட கடந்து போறாரு எண்டு வைங்க. அவரு நாலு பேர இடிப்பாரு, நாலு பேரு அவர இடிப்பாங்க. மெதுவாத்தான் போவாரு. ஆனா அந்தப் பக்கம் போய்ச் சேர்றது அவருதானே. உலோகத்துக்குள்ள இலத்திரனும் அப்பிடித்தான் எண்டு இப்ப பெரிய ஆக்கள் சொல்றாங்க. எவ்வளவு நெரிசல் எண்டாலும், ஆளுட மிச்சம் கொஞ்சம் இரிக்குமாம்.”

நான் தலையசைத்தேன்.

“இப்ப அதே சனத்த ஒராள் அகலத்துல உள்ள ஒரு சுரங்கத்துக்குள்ள வரிசையா நிப்பாட்டுங்க. பின்னுக்கு ஒருத்தர் தள்றாரு. முன்னுக்கு ஒருத்தர் வெளிய விழுறாரு. தள்ளினவரும் விழுந்தவரும் ஒராள் இல்ல. நடுவுல ஒருத்தரும் நடக்கவும் இல்ல. ஆனா ஏதோ ஒண்டு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போயிட்டிது. போனது ஆரு?”

“தெரியாது சேர்.”

“எனக்கும் தெரியாது. அதத்தான் எண்ணிப் பாக்கப் போறோம்.”

அவர் கேள்வி இதுதான். சாதாரண உலோகத்தில் இலத்திரன்களை வேகத்தின்படி வரிசைப்படுத்தி எண்ணினால், ஓரிடத்தில் எண்ணிக்கை படிக்கட்டு போலச் சட்டென்று கீழே விழும். இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளினால் அந்தப் படி உயரம் குறையும், ஆனாலும் படி இருக்கும். அதைத்தான் அவர் மிச்சம் என்றார். ஒரே வரிசையில் நிற்கும் இலத்திரன்களுக்கு அந்தப் படி மொத்தமாகவே அழிந்துவிடும் என்பது அவருடைய ஊகம். “படி போயிட்டா உலோகம் இரிக்கும், மின்சாரம் ஓடும், ஓடுற ஆள் இரிக்காது” என்பார். அதை அவர் மெல்லிய குரலில், இருமலுக்கு இடையில் சொல்லும்போது என் கழுத்துக்குப் பின்னால் சில்லென்று இருக்கும்.

செய்முறை எளிதாகச் சொல்லக்கூடியது, செய்து முடிக்கத்தான் ஆயுள் வேண்டும். ஒரு வளையத்தில் ஆறு இடங்கள், அவற்றில் மூன்று இலத்திரன்கள். அவை எப்படியெல்லாம் உட்காரலாம் என்று பட்டியல் போட வேண்டும். வளையத்தைச் சுழற்றினாலோ கண்ணாடியில் பார்த்தாலோ ஒன்றாகத் தெரிகிற அமைப்புகளை ஒன்றாகவே எண்ணலாம். பிறகு ஒவ்வோர் அமைப்புக்கும் ஓர் எண் கொடுத்து, விதிப்படி பெருக்கி, கூட்டி, மறுபடி முதலிலிருந்து. எண்கள் அசையாமல் நிற்கும்வரை. ஆறு முடிந்தால் பத்து, பத்து முடிந்தால் பதினான்கு. மூன்று வளையங்களிலும் படியின் உயரத்தைக் கண்டுபிடித்து மடக்கைத் தாளில் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகள் வளைந்து சமனானால் படி தப்பிப் பிழைக்கும். நேர்கோடாகக் கீழே போனால் படிக்கு முடிவு.

பென்சிலால்தான் எழுத வேண்டும். அழிக்கக் கூடாது. பிழை என்றால் ஒரே ஒரு கோடு கிழித்து மேலே எழுத வேண்டும், அடியில் இருப்பது தெரிய வேண்டும். ஆறு தசம தானங்கள். இவை சேர் போட்ட விதிகள்.

இன்னொரு பெரிய விதியும் இருந்தது. இதே கணக்கை எனக்குத் தெரியாத இன்னொருவரும் போட்டுக்கொண்டிருந்தார். பெயர் நிஸ்தார். சேரிடம் படித்தவர், இதயத்தில் கோளாறு, மலைக்கு அந்தப் பக்கம் பல்லேகமவில் அவருடைய வாப்பா விட்டுப்போன கடையில் இருந்தார். அவருக்கும் ஒரு மெஷின் கொடுத்திருந்தார் சேர். அவருடைய தாள்கள் வாரம் ஒருமுறை தபாலில் வரும். நானும் நிஸ்தாரும் சந்திக்கக் கூடாது, கடிதம் எழுதக் கூடாது, ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது.

“ஒராளுட பிழ மத்த ஆளுக்குத் தொத்தும் மிஸ்” என்றார் சேர். “தடிமல் மாதிரி.”

தாள்கள் வந்ததும் அவர் என் தாளையும் நிஸ்தாருடைய தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து, வெளிச்சத்தில் பார்ப்பார். என்னைத் தூரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு முதலில் அவர் பார்ப்பார், முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். ஐந்து இலக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கும். ஆறாவது மட்டும் கலங்கித் தெரியும். என்னுடைய நான்கின் மேல் அவருடைய ஐந்து, என்னுடைய எட்டின் மேல் அவருடைய ஏழு.

“இந்தக் கலக்கம் இருந்தாத்தான் எனக்கு நிம்மதி. ரெண்டு பேரு ரெண்டு வழியால கூட்டுவாங்க, ரெண்டு இடத்துல தசமத்த வெட்டுவாங்க. கடைசி இலக்கம் ஒத்துப் போகாது. ஒத்துப் போகவும் கூடாது.”

ஆறு வளையமும் பத்து வளையமும் அப்படித்தான் முடிந்தன. நிஸ்தார் ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போடுவார். நான்கை மேலே திறந்து விடுவார். பார்த்தேயிராத ஒரு மனிதரை அந்த இலக்கங்களால் எனக்குத் தெரிந்திருந்தது. சில வாரம் அவர் கை நடுங்கியிருக்கும். அன்று எனக்கும் மனது சரியாக இருக்காது.

பதினான்கு வளையம் தொடங்கினோம். எண்ணிக்கை எங்கேயோ போய்விட்டது. ஒரு சுற்று முடிக்கவே எனக்கு ஒன்றரை வாரம் ஆனது. அந்த மழைக்காலத்தில் சேருக்கு நெஞ்சு மோசமாகி, கண்டியில் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். நான் தினமும் மேலே போய்த் தனியாக வேலை செய்தேன். வாசலுக்கு நேர் வெளியே பனி நிற்கும். மெஷினில் எண் நிரம்பி வழிந்தால் உள்ளே ஒரு சின்ன மணி அடிக்கும். அந்த வீட்டில் அந்த மணியைத் தவிர வேறு சத்தம் இல்லை. பல்லேகமவிலிருந்து வந்த உறைகளைப் பிரிக்காமல் சேரின் மேசையில் அடுக்கி வைத்தேன்.

சேர் மெலிந்து திரும்பி வந்தார். வந்தவுடன் இரண்டு பேருடைய இறுதி விடையையும் மட்டும் எடுத்துப் பார்த்தார். ஒத்திருந்தது. மூன்றாவது புள்ளியை வைத்து அளவுகோலைப் பிடித்தார். நேர்கோடு. அன்று அவர் முகம் வேறு யாரோ ஒருவருடைய முகம் போல இருந்தது. இரண்டே நாளில் கட்டுரையை எழுதி, வெளிநாட்டு இதழ் ஒன்றுக்கு விமானத் தபாலில் அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம்தான், விதிப்படி, தாள்களை ஒவ்வொன்றாக ஜன்னலில் வைக்கத் தொடங்கினார். நான் உள்ளே மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“மிஸ், இங்க வாங்க.”

போனேன். கண்ணாடியில் ஒரே ஒரு தாள்தான் இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு இருந்தன. எங்கேயும் கலக்கம் இல்லை. ஆறாவது இலக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தது. அவர் தாளை மாற்றினார். அடுத்ததிலும் அப்படித்தான். அடுத்ததிலும். பக்கம் பக்கமாக என் இலக்கங்களின் மேல் நிஸ்தாருடைய இலக்கங்கள், குறுக்குக் கோடு போட்ட ஏழுகள், திறந்த நான்குகள். ஒரு தாளில் நான் ஒரு வரியைக் கோடு கிழித்துத் திருத்தியிருந்தேன். நிஸ்தாரும் அதே வரியைக் கோடு கிழித்துத் திருத்தியிருந்தார்.

சேர் என்னைப் பார்க்காமலே கேட்டார். “நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப இந்த உறைகள தொறந்தீங்களா?”

“இல்ல சேர்.”

“நிஸ்தார கண்டீங்களா?”

“அவரு எப்படி இருப்பாருன்னுகூட எனக்குத் தெரியாது சேர்.”

அவர் உறைகளை எடுத்து ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார். தபால் முத்திரைகளைப் பார்த்தார். சில வாரங்களில் நிஸ்தாருடைய தாள் என்னுடையதுக்கு முன்பே வந்திருந்தது. அப்போது நான்தான் பார்த்து எழுதியிருக்க வேண்டும். சில வாரங்களில் நான் முதலில் முடித்து நாள் போட்டு வைத்திருந்தேன், என் தாள் அந்த வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. அப்போது நிஸ்தாரால் பார்த்திருக்கவே முடியாது. எந்தப் பக்கமாக யோசித்தாலும் ஒரு சுவரில் போய் முட்டியது.

“கடதாசி கடல் தாண்டிப் போயிட்டிது” என்று மட்டும் சொன்னார். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

நான் வீட்டுக்கு நடந்து வரும்போது அழுதேன். நான் களவு செய்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் எரிந்தது. ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரியாத ஒரு மனிதன், நான் யோசிக்கிற அதே நேரத்தில் நான் யோசிப்பதையே யோசிக்கிறான் என்கிற எண்ணம். அடுத்த இரண்டு நாள் என்னால் ஒரு கூட்டல்கூடப் போட முடியவில்லை. ஒவ்வோர் இலக்கம் எழுதும்போதும் அங்கே இன்னொரு பென்சில் அசைவது போலிருந்தது.

மூன்றாம் நாள் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு விடியற்காலையில் கிளம்பினேன். ரத்தோட்டை வரை பஸ். அங்கிருந்து உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு போன லொறி ஒன்றில் டிரைவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. மேலே ஏற ஏற முன்னால் பாதை தெரியவில்லை. டிரைவர் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி ஓட்டினார். உச்சியில் காற்று லொறியை அசைத்தது. இறங்கத் தொடங்கியதும் பனி அறுந்து, வெயிலும் வயலும் வந்தன. வேறு நாட்டுக்குள் நுழைந்தது போல் இருந்தது.

கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. முக்காடு போட்ட ஒரு பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள், ஒரு கிழவருக்குச் செத்தல் மிளகாய் நிறுத்துக்கொண்டே சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தாள். கிழவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். நான் வாயைத் திறப்பதற்குள் கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்தாள்.

“பிலோமினா மிஸ்ஸா?” என்றாள். “அம்மாட கால் வீக்கம் இப்ப கொறஞ்சிட்டா?”

அம்மாவின் காலைப் பற்றிச் சேரிடம்கூட நான் சொன்னதில்லை.

“நிஸ்தாரப் பாக்கணும்” என்றேன்.

“நானா மவுத்தாகி மூணு மாசம் முடிஞ்சி. நாப்பதாம் கத்தமும் குடுத்தாச்சி.” குரல் உடையாமல் சொன்னாள். “உள்ளுக்கு வாங்க. நீங்க ஒரு நாளைக்கு வருவீங்க எண்டு எனக்குத் தெரியும்.”

அவள் பெயர் சுலைஹா, நிஸ்தாரின் தங்கை. நானா என்று அவள் சொன்னது, இறந்துபோன தன் அண்ணனை. கடைக்குப் பின்னால் இருந்த அறைக்குக் கூட்டிப்போனாள். மேசையில் மெஷின். சுவர் முழுக்க, தரையிலிருந்து என் தலை உயரத்துக்கு, தாள்கள் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தன. கிட்டப் போய்ப் பார்த்தேன். என் கையெழுத்து, மூலையில் என் பெயர். ஆறு வளையத்துக்கும் பத்து வளையத்துக்கும் இறுதித் தாளில் எழுதுவதற்கு முன் நான் போட்ட கரட்டுக் கணக்குகள். நான் வேலை செய்யும்போது எங்கே விட்டேன் என்பது மறக்காமலிருக்க ஓரத்தில் ஏதாவது கிறுக்கி வைப்பேன். ‘அம்மாவுக்கு மருந்து.’ ‘கால் வீக்கம், டாக்டர்.’ ‘தலைவலி.’ ‘இலைச் சத்தம், யாரும் இல்லை.’ இரண்டு வருடத்து என் வாழ்க்கை, பார்த்தேயிராத ஓர் ஊரில், ஒரு சுவரில் வரிசையாக இருந்தது.

அப்போது கடதாசிக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். சேர் ஒரு தாளையும் வீசமாட்டார். முடிந்த வளையத்தின் கரட்டுத் தாள்களைத் திருப்பி, பின்பக்கத்தில் நிஸ்தாருக்கான குறிப்புகளை எழுதி அனுப்பியிருக்கிறார். முடிந்த கணக்குதானே, யாருக்கு என்ன என்று நினைத்திருப்பார். நிஸ்தார் திருப்பிப் பார்க்கவில்லை. சுலைஹா பார்த்தாள்.

“நானா பாதிக் கணக்க மனசுக்குள்ள போடுவாரு, தாள்ல இரிக்காது. அவருட தாளப் பாத்து ஒண்டும் வெளங்காது. நீங்க ஒண்டையும் விடாம எழுதுவீங்க. நான் உங்கள பாத்துத்தான் பழகினேன். எஸ்.எஸ்.ஸி. வரைக்கும் படிச்சிருந்தேன், மிச்சம் எல்லாம் இந்தச் செவருதான்.”

“ஏன் சேருக்குச் சொல்லல?”

“நானா படுக்கையில சொன்னாரு. பதினாலு முடியாம சேருக்குச் சொல்லாத, மனுஷன் உடஞ்சிருவாரு எண்டு. அதுக்குப் பொறகு சேரும் ஆஸ்பத்திரியில எண்டு கேள்விப்பட்டோம். நானாட இலக்கம் மாதிரியே எழுதிப் பழகினேன். பொய்தான். தெரியும். ஆனா கணக்குப் பொய் இல்ல மிஸ். ஒவ்வொண்டும் நான் சுத்தினது.”

நம்பவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பெருக்கலைப் போட்டுக் காட்டினாள். கைப்பிடி மூன்று சுற்றுச் சுற்றியது, கொஞ்சம் நின்றது, மறுபடி மூன்று சுற்று. எனக்குக் கொழும்பில் மணிக்கட்டு சுளுக்கிய நாளிலிருந்து மூன்று சுற்றுக்கு ஒருமுறை நிறுத்துவேன். கரட்டுத் தாளில் அந்த இடங்களில் ஒரு சின்னப் புள்ளி வைப்பேன். அவள் மணிக்கட்டில் ஒரு குறையும் இல்லை.

நான் நிஸ்தாரைக் கோபிக்க நினைத்துப் போனவள். அந்த அறையில் நின்றபோது, இது என் அறை, கதவில் நிற்கும் அந்நியப் பெண் நான், என்று ஒரு கணம் தோன்றியது. சீக்கிரம் வெளியே வந்துவிட்டேன்.

ஒரே இடத்தில் கோடு கிழித்த அந்த வரியைப் பற்றியும் கேட்டேன். அவளுக்கும் காரணம் தெரியவில்லை. ஒரே மாதிரி யோசித்தால் ஒரே மாதிரித் தடுக்கி விழலாம். இன்றைக்கும் அதற்கு மேல் என்னால் விளக்க முடியாது.

சேரிடம் மறுநாள் எல்லாவற்றையும் சொன்னேன். நிஸ்தார் இறந்ததைக் கேட்டதும் இன்னாலில்லாஹி ஓதினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“விதி போட்டது நான். கதவத் தொறந்து வெச்சதும் நான்தான்” என்றார்.

“விடை சரியாத்தான் இருக்கும் சேர்.”

“இருக்கலாம். ஆனா இப்ப என்ட கையில இரிக்கிறது ரெண்டு பேருட கணக்கு இல்ல மிஸ். ஒராளுட கணக்கு, ரெண்டு தரம்.”

அன்றே டவுனுக்கு ஆள் அனுப்பி, கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக இதழுக்குத் தந்தி அடித்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் தேத்தண்ணி போடப் போனேன்.

சுலைஹாவை மாத்தளையில் தன் அக்காவின் வீட்டில் தங்க வைத்து, வேலைக்குக் கூப்பிட்டார் சேர். அவள் வந்த முதல் நாள், “இனி நானாட இலக்கம் வேணாம். உங்கட எழுத்துல எழுதுங்க” என்றார்.

அவள் பென்சிலை எடுத்து, ஒன்றிலிருந்து வரிசையாக எழுதினாள். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். அது என் எழுத்து. கணக்கை என் தாளிலிருந்து பழகியவளுக்கு வேறு எழுத்து உருவாகவில்லை. சேர் அந்தத் தாளைத் தனியே எடுத்து வைத்தார்.

பதினான்கு வளையத்தின் பட்டியலை முதலிலிருந்து சரிபார்த்தோம். இம்முறை தாளில் இல்லை. சேர் ஒரு அட்டையில் வட்டமாகப் பதினான்கு குழிகள் போட்டுத் தந்தார். இலத்திரன்களுக்குப் பதிலாக மிளகு வைத்து, அட்டையைச் சுழற்றி, கைக்கண்ணாடியில் காட்டிப் பார்த்தோம். ஐந்தாவது வாரம் ஒரு பகல். நான் இரண்டு அட்டைகளைப் பிடித்திருந்தேன், சுலைஹா கண்ணாடியைப் பிடித்திருந்தாள். இரண்டும் ஒன்றின் கண்ணாடி உருவம் மற்றது என்று நான் ஒன்றாக எண்ணியிருந்த அமைப்புகள்.

“அக்கா, அசையாதீங்க” என்றாள்.

கண்ணாடிக்குள் எல்லா மிளகும் அதனதன் இடத்தில் இருந்தன, ஒன்றைத் தவிர. அட்டையை எப்படிச் சுழற்றினாலும் அந்த ஒன்று பக்கத்துக் குழிக்கு வரவில்லை. அவை இரண்டு வேறு அமைப்புகள். நான் பிழை விட்டிருக்கிறேன். என்னைப் பார்த்துப் பழகியவளும் அதே பிழையை விட்டிருக்கிறாள். ஜன்னலில் எந்தக் கலக்கமும் தெரிந்திருக்காது.

திரும்பப் போட்டு முடிக்க எட்டு மாதம் சென்றது. நான் மேலிருந்து கீழே கூட்டினேன், அவள் கீழிருந்து மேலே கூட்டினாள். படி அழியத்தான் செய்தது, கோடு நேர்கோடுதான். ஆனால் சாய்வு முன்பு அனுப்பியதைவிடக் குறைவு. மிச்சம் இன்னும் மெதுவாகத் தேய்கிறது, ஆனாலும் தேய்ந்தே தீரும்.

கட்டுரையை மறுபடி எழுதிக்கொண்டிருந்த சமயம் சீமையிலிருந்து சேரின் நண்பர் ஒருவர் ஒரு அச்சுப் பிரதி அனுப்பினார். வேறு யாரோ, இத்தகைய ஒற்றை வரிசைக் கணக்கைப் பென்சிலும் தாளும் மட்டும் கொண்டு முழுமையாகத் தீர்த்திருந்தார்கள். மெஷினே தேவைப்படவில்லை. சேர் மூன்று நாள் அதை வாசித்தார். நான்காம் நாள் எங்களை உட்காரச் சொல்லி, அவர்களுடைய சூத்திரத்தில் எங்கள் தள்ளுவிசையைப் போட்டுச் சாய்வைக் கணிக்கச் சொன்னார். தள்ளுவிசை சிறிதாக இருக்கும்போது இரண்டும் ஒப்பிடலாம். எங்கள் புதிய சாய்வு அதற்கு மிகக் கிட்ட வந்தது. பழையது வெகு தூரம்.

“முந்திட்டாங்க” என்றார்.

“கவலையா சேர்?” என்று சுலைஹா கேட்டாள். என்னால் அப்படிக் கேட்டிருக்க முடியாது.

“கவலதான். இல்ல எண்டு சொன்னா பொய்.” இருமி முடியும்வரை காத்திருந்தோம். “ஆனா அந்தப் பழைய இலக்கம் அச்சுல வந்திருந்தா, நான் மவுத்தான பொறகும் அது என்ட பேருல பொய் சொல்லிக்கிட்டே இரிக்கும். அதுக்கு இது நல்லம்.”

எங்கள் கணக்கு ஒரு சின்னக் குறிப்பாக உள்நாட்டு இதழ் ஒன்றில் வந்தது. நான்கு பெயர்கள். நிஸ்தாருடைய பெயரும் இருந்தது. ஒரு வரிசையில் மட்டுமல்ல, முழு உலோகக் கட்டிகளிலும் ஒரு நாள் இதைக் காண்பார்கள் என்று அதன் கடைசி வரியில் சேர் எழுதியிருந்தார். அப்போது யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த வருடம் சேர் இறந்துபோனார். நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். சுலைஹா பரீட்சைகள் எழுதி, மாத்தளையில் கணித ஆசிரியையாகிப் பெயரெடுத்தாள். வீட்டை ஒழுங்குபடுத்த வந்த சேரின் அக்கா மகன், “ஒங்கட தாள்கள நீங்களே பிரிச்சி எடுத்துக்கங்க. ஆளுக்காளு அவங்கவங்கட” என்று சொல்லி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

வெறுமையாகிவிட்ட அந்த அறையில் தரையில் உட்கார்ந்து பிரித்தோம். நிஸ்தாருடையவற்றை முதலில் எடுத்து அவள் மடியில் வைத்தோம். ஆறும் பத்தும் என்னுடையவை. கடைசி எட்டு மாதத்துத் தாள்கள் மிச்சம் இருந்தன. அவற்றில் யாரும் பெயர் எழுதவில்லை. ஒரு தாளை எடுத்து, “இது ஒன்னுது” என்று நீட்டினேன். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இல்ல அக்கா, இது நீங்க” என்று திருப்பித் தந்தாள். இன்னொன்றை அவள் நீட்டினாள், நான் திருப்பினேன். கூட்டிய திசையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தோம். விடைகள்தான் தாளில் இருந்தன, போன வழி இல்லை. ஒரு தாளின் ஓரத்தில் ‘தலைவலி’ என்று இருந்தது. அன்றைக்குத் தலைவலித்தது யாருக்கு என்று இருவரும் யோசித்தோம்.

பொழுது சாயத் தொடங்கியது. கடைசியில் அந்தத் தாள்கட்டை நடுவால் பிரித்து, மேல் பாதியை நான் எடுத்துக்கொண்டேன், கீழ்ப் பாதியை அவள் எடுத்துக்கொண்டாள்.